திருச்சிக்குப் போன சாம்பிள்

அன்று நான் லேபுக்கு வந்து ஒன்பது மணி நேரம் ஆகியிருந்தது. அப்போதுதான் டீ வந்தது. கிளாஸை மூடி வைத்துவிட்டுப் பெனாசிரிடம் போனேன், சார். ஆறிப்போன டீ எனக்குப் பழக்கம்.

பெனாசிர் லப்பைக்குடிக்காட்டுக்காரர். காலையில் பெண் குழந்தை பிறந்திருந்தது, இரத்தப்போக்கு நிற்கவில்லை. திருச்சி இரத்த வங்கிக்கு அனுப்ப சாம்பிள் எடுக்கச் சொன்னார் டாக்டரம்மா. பெரம்பலூரில் எங்களுடையது சின்ன மருத்துவமனை. லேபில் நான் ஒருத்திதான்.

நரம்பு கிடைக்கவில்லை. மூன்று இடத்தில் குத்தினேன். மாமியார் சுல்தானா பக்கத்திலேயே நின்றார்.

"ஏம்மா, ரத்தம் எடுக்கறியா, கெணறு வெட்டுறியா?"

வராந்தாவில் நின்ற உறவுக்காரர்கள் சிரித்தார்கள். பெனாசிர் மட்டும், "வுடுங்க மாமி, பாவம் அந்தப் புள்ள" என்றார். அவருக்கும் என் வயதுதான்.

நாலாவது குத்தில் வந்தது. லேபில் பெயர் ஒட்டும்போது கண்ணாடிக் குழாய் கைநழுவித் தொட்டியில் உடைந்தது. தண்ணீரைத் திறந்துவிட்டேன். மறுபடி எடுக்கலாம் என்று வெளியே வந்தேன். வராந்தாவில் அதே ஆட்கள்.

"என்ன, தண்ணி பத்தலையா?" என்றார் சுல்தானா.

திரும்பிவிட்டேன்.

வாசலில் பெனாசிரின் கொழுந்தன் இலியாஸ் காரில் இருந்து ஹாரன் அடித்தார். "சீக்கிரம் குடுங்க சிஸ்டர், திருச்சி போயிட்டு வரணும்ல." கொஞ்ச நேரத்தில் ஒரு குழாயைக் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

தன் குரூப் பி பாசிட்டிவ் என்று பெனாசிர் முன்பே சொல்லியிருந்தார். வாய்வார்த்தையை நம்பக் கூடாது என்பதற்காகத்தான் சோதனையே, பி.எஸ்சி. படித்த எனக்கு அது தெரியும். ஆனாலும் அவர் சொன்னது ஆறுதலாக இருந்தது.

ராத்திரி பி பாசிட்டிவ் இரத்தம் வந்தது. ஏற்றத் தொடங்கியதுமே இடுப்பு வலிக்கிறது என்றார். உடம்பு உதறியது. நர்ஸ் ஆண்டாயி போர்வை போர்த்தினார். நான் கதவருகே நின்றேன்.

"என்னடி அப்புடிப் பாக்குற?"

"ஒண்ணுமில்லீங்கக்கா."

அப்போதே நிறுத்தியிருந்தால் பிழைத்திருக்கலாம். நிறுத்தச் சொன்னால் ஏன் என்று கேட்பார்கள். விடிவதற்குள் பெனாசிர் இறந்துவிட்டார்.

அவருடைய குரூப் ஓ என்பது பிறகு தெரிந்தது. அவர் வீட்டார் நுகர்வோர் நீதிமன்றத்துக்குப் போனார்கள். அங்கே டாக்டரம்மா இரத்த வங்கியைக் குற்றம் சொன்னார். வங்கி டாக்டரம்மாவைச் சொன்னது. வங்கியில் சோதித்த குழந்தைவேலுக்கு வேலை போனது. வந்த சாம்பிளைச் சரியாகத்தான் சோதித்தேன் என்றார். யாரும் நம்பவில்லை. நான் நம்பினேன்.

நான் அதே லேபில்தான் இருக்கிறேன். வேலையை விட்டால் ஏன் என்று கேட்பார்கள். இதுவரை யாரும் என்னிடம் எதையும் கேட்கவில்லை, சார். கேட்டிருந்தால் அன்றைக்கே சொல்லியிருப்பேன்.

நீங்கள் கேட்டுவிட்டீர்கள். என் குரூப் பி பாசிட்டிவ். கதவைச் சாத்திக்கொண்டு இடது கையில் குத்தினேன். பெனாசிர் பெயரை ஒட்டித் திருச்சிக்கு அனுப்பியது என் இரத்தம்.