மூச்சை இழுத்தால் நிறுத்து

“…அதான் கேக்கறேம்மா, ஒரு மெஷினுக்கு இவ்ளோ வாய் எதுக்கு? ஆஸ்பத்திரிக்கு ஃபோன் பண்றவன் என்னத்துக்குப் பண்றான்? டாக்டர் எப்ப இருப்பாருன்னு கேக்க. இல்லன்னா தேதிய மாத்திக்க. அவ்ளோதான? இது என்ன பண்ணுதுன்னா… ஐயய்யோ, அத ஏன் கேக்கறீங்க! அவன் ‘வணக்கம்’னு வாயெடுக்கறதுக்குள்ள இது முந்திக்குது. முதுகுவலியாங்குது. அதுக்கு இதுவே காரணம் சொல்லுது, இதுவே வைத்தியமும் சொல்லுது. ‘நான் என்ன சொல்ல வந்தேன்னா’ங்குது, ‘அது கெடக்கட்டும்’ங்குது, கடைசில பாத்தா ஃபோன் பண்ணவன் பல்வலிக்காரன்! வச்சுட்டுப் போயிட்டான்.”

இந்தப் புலம்பலின் முற்பாதியை நான்காம் மாடிக்காரர் மின்தூக்கியின் மூடிய கதவிடம் சொல்லி முடித்திருந்தார். மூன்றாம் மாடியில் குடியிருக்கும் தையல்காரம்மா மூச்சிரைக்கப் படியேறி நான்காம் மாடி நடைவழிக்கு வந்ததும், பிற்பாதி அப்படியே அந்த அம்மாளின் பக்கம் திரும்பிற்று. மனிதர்களோடு பேசும் இயந்திரங்களுக்குப் பேச்சைக் கற்றுக்கொடுப்பது அவருடைய தொழில். கட்டடத்தில் அவருக்கு ‘ரேடியோ’ என்று பெயர். அணைக்கும் பொத்தான் இல்லாத ரேடியோ என்று வாயிற்காவலர் திருத்திச் சொல்வதுண்டு.

தையல்காரம்மா சொல்ல வந்தது ஒரே ஒரு செய்தி: உங்கள் வீட்டுக் குழாய் திறந்து கிடக்கிறது, தண்ணீர் என் வீட்டுக் கூரை வழியே ஒழுகுகிறது. ஆனால் அவருடைய தொண்டையில் வளர்ந்திருந்த சிறு கட்டியை நீக்கி ஒரு வாரம்கூட ஆகவில்லை. முணுமுணுக்கவும் கூடாது என்பது மருத்துவரின் கண்டிப்பான கட்டளை. மீறினால் குரல் பழையபடி திரும்பாமலே போகலாம். கீழே, துணி வெட்டும் மேசையின் மேல் ஒரு கம்பளி மேலங்கியின் துண்டுகள், சுண்ணக்கட்டிக் கோடுகள் அழியாமல், ஊசி குத்தப்பட்டு விரிந்து கிடந்தன. மாலையில் வெளியூர் கிளம்பும் ஒருவருக்கு அது தைத்தாக வேண்டும். முதல் ஒழுக்கு சுவரோரமாகத்தான் விழுந்தது, வாளியை வைத்தார். அதன்பின் கூரையின் ஈரக்கறை மேசையை நோக்கி மெல்ல ஊர்வதைக் கண்டு, மேசையின்மேல் பிளாஸ்டிக் விரிப்பைப் போர்த்திவிட்டு மேலே ஓடி வந்தார்.

ஓடி வந்தவர் தம் தொண்டையைத் தொட்டுக் காட்டித் தலையை இருபுறமும் ஆட்டினார்.

“தொண்டையா? ஆமாம்மா, எனக்கும் கட்டிப்போச்சு. பேசறதுக்கு ஆளே கெடைக்காம, தனியாவே பேசிப் பேசி… சரி, என்ன சொல்லிட்டிருந்தேன்? ஆங், காலைலேர்ந்து எதுவுமே சரியில்லம்மா. குழாயத் தொறந்தா சொட்டுத் தண்ணி இல்ல. புஸ்ஸு புஸ்ஸுன்னு காத்துதான் வருது. முகம்கூடக் கழுவாம வந்து நிக்கறேன்.”

தையல்காரம்மா சட்டென்று கைதட்டி, அவரையும் அவர் வீட்டுக் கதவையும் மாறிமாறிச் சுட்டினார்.

“உங்க வீட்லயும் வரலையா? பாத்தீங்களா! எனக்கு மட்டும்தான்னு நெனச்சேன். வாடகைய மட்டும் வாய் கூசாம ஏத்தறாங்க… அது கெடக்கட்டும். முதலாளி நேத்து என்னக் கூப்பிட்டாரு. கூப்பிட்டு, ‘மனுசன் மாதிரிப் பேசற மெஷின்தானய்யா கேட்டேன், உன்ன மாதிரிப் பேசற மெஷினக் கேட்டேனா’ங்கறாரு. எப்படி இருக்கு பாருங்க! நான் மனுசன் இல்லையா?”

தையல்காரம்மா விரல்களைக் குவித்து, மேலிருந்து கீழே சொட்டுச் சொட்டாக விழுவதுபோல் உதறிக் காட்டினார்.

“கண்ணீரா? விடமாட்டேம்மா. அவ்ளோ சீக்கிரம் அழற ஆள் இல்ல நான். இன்னைக்கு ஆஸ்பத்திரிலேர்ந்து ஒரு அதிகாரியம்மா நேர்ல வர்றாங்க, மெஷினப் பேச வச்சுப் பாக்க. இப்ப வந்துடுவாங்க. இந்தத் தடவையும் அது வாய நீட்டுச்சுன்னு வைங்க, முதலாளி மெஷின மட்டும் தூக்கி வெளிய போடமாட்டாரு. என்னையும் சேத்துத்தான். இந்த வயசுல எங்க போய் நான் வேல தேடறது?”

இதைச் சொன்னபோது மட்டும் அவருடைய குரல் சற்றுத் தாழ்ந்தது. தையல்காரம்மாவுக்கும் மனம் ஒரு கணம் இளகிற்று. மறுகணம் மேலங்கி நினைவுக்கு வந்தது. கைப்பேசியை எடுத்து, பெரிய எழுத்தில் நாலு சொல் தட்டி அவர் முகத்துக்கு நேரே நீட்டினார்.

“எழுத்தெல்லாம் காட்டாதீங்கம்மா, கண்ணாடி உள்ள இருக்கு. இல்லாம எனக்குக் கொசுவும் யானையும் ஒன்னுதான். என்ன, உள்ள போயிடலாங்கறீங்களா? கூடாது, கூடாது. கதவுல கை வைக்காதீங்க! மெஷின மேசை மேல வச்சு ஓடவிட்டுட்டுல்ல வந்திருக்கேன். வீட்டோட அமைதிய அது கொஞ்ச நேரம் கேட்டுப் பழகணும். அப்பதான் எது மனுசக் குரல், எது மத்த சத்தம்னு பிரிச்சுக்கும். அந்தம்மா வர்ற வரைக்கும் சாவி என் பையிலதான். …கேட்டீங்களா? கேட்டீங்களா அத? ஆளே இல்லாத வீட்ல அது பாட்டுக்குப் பேசுது! யார்கிட்ட பேசுது? செவுத்துகிட்டயா? இவ்ளோ பாடுபட்டு மாத்தியும் அதுக்குச் சும்மா இருக்கத் தெரியலயே!”

உண்மையில், கதவுக்கு உள்ளேயிருந்து மெல்லிய பெண்குரல் ஒன்று கேட்கத்தான் செய்தது. அது என்ன சொல்கிறது என்று ரேடியோவின் காதில் விழவில்லை. அவருடைய காதுக்கு மிக அருகில் அவருடைய வாய் இருந்தது. தையல்காரம்மாவின் காதில் மட்டும் ஒவ்வொரு சொல்லும் தெளிவாக விழுந்தது.

‘பக்கத்துல தண்ணி ஓடுற சத்தம் கேக்குதுங்க. குழாய மூடிட்டு வர்றீங்களா? நான் காத்திருக்கேன்.’

இத்தனை நேரத்தில் விவரம் தெரிந்த ஒருவரின் பேச்சைக் கேட்ட ஆறுதலில் தையல்காரம்மாவின் கண்கள் விரிந்தன. இரு கைகளாலும் கதவைச் சுட்டி, பிறகு தம் காதைத் தொட்டு, ‘கேளுங்கள்’ என்று கெஞ்சாத குறையாகக் காட்டினார்.

“கேக்கறேம்மா, கேட்டுட்டுத்தான இருக்கேன்! அந்தக் கெட்ட பழக்கம் எங்கேருந்து வந்துச்சுன்னுதான கேக்கறீங்க? சொல்றேன். மெஷினு பேசப் பழகணும்னா அதுக்கு நெசமான பேச்சு வேணும். கொஞ்சநஞ்சமில்ல, மூட்ட மூட்டையா வேணும். ஆள் வச்சுப் பேசச் சொன்னா பாடம் ஒப்பிக்கற மாதிரி இருக்கு. அப்பதான் எனக்கு ஒரு யோசன வந்துச்சு. என்னோட ஃபோன் பேச்செல்லாம் பதிவாகிக் கெடக்குதே, அதையே குடுத்தா என்ன? பொண்டாட்டி, மச்சான், தம்பி, எல்லார்கிட்டயும் அனுமதி வாங்கிட்டேன். அதாவது, நான் கேட்டேன், அவங்க ‘ம்’னாங்க.

“இப்ப, ரெண்டு பேர் பேசற பேச்சக் குடுத்தா, ஒருத்தர மெஷின்னு வச்சுக்கணும், இன்னொருத்தர ஃபோன் பண்றவருன்னு வச்சுக்கணும். இதுதான் தொழில்முறை. நான் எந்தப் பக்கம்? மெஷின் பக்கம்தான்! விவரம் சொல்றவன் நான்தானம்மா? அதுவும் ஒழுங்காத்தான் கத்துக்குச்சு, பாவம், அதச் சொல்லிக் குத்தமில்ல. என்ன கத்துக்குச்சு தெரியுமா? ஃபோன் பண்றவங்கன்னா ‘ம்’ மட்டும்தான் சொல்வாங்கன்னு கத்துக்குச்சு! அவங்க வேற ஏதாவது சொன்னா அதக் கோளாறுன்னு நெனச்சுக்கிட்டு, இன்னும் சத்தமாப் பேசுது!”

தையல்காரம்மா தம் முந்தானையைத் தொட்டுப் பார்த்தார். ஒழுக்கின் கீழ் நின்றதில் தோள்பக்கம் நனைந்திருந்தது. அதைப் பிடித்து அவர் முன் பிழிந்தே காட்டினார். நடைவழித் தரையில் நாலைந்து சொட்டு விழுந்தது.

“அடடா, ரொம்ப வேர்க்குதா உங்களுக்கு? இந்தக் கட்டடத்துல காத்தே வர்றதில்ல. ஆனா முடிச்சுடறேன், இருங்க. நேத்து முழுக்க உக்காந்து பக்கத்த மாத்திட்டேன். இப்ப நான் ஃபோன் பண்றவன். மெஷினு என் சம்சாரம்! குரலும் ஏறக்குறைய அவ குரல்தான். அதுக்காக அவ பக்கத்த மட்டும் தனியா எடுத்துக் கேட்டேம்மா… முழுக்க ‘ம்’தான். ஆனா ஒரே ‘ம்’ இல்ல. நீட்டி ‘ம்ம்ம்’ன்னா மேல சொல்லுங்கன்னு அர்த்தம். ரெண்டா மடிச்சுச் சொன்னா, அப்படியான்னு அர்த்தம். வெட்டுனாப்ல சின்னதா ஒரு ‘ம்’… அது போதும்னு அர்த்தம். இருபது வருசமா எனக்குத் தெரியாது! ஒரு எடத்துல, ‘எனக்கு ரெண்டு நாளா’ன்னு ஏதோ ஆரம்பிக்கறா. நான் மச்சான் வாங்குன வண்டியப் பத்திப் பேசிட்டிருக்கேன். அவ்ளோதான், அப்புறம் அவ ஆரம்பிக்கவே இல்ல… அது கெடக்கட்டும். அக்கா வீட்டுக்குப் போயிருக்கா. வந்துடுவா.”

அவர் நிறுத்தினார். அரைக்கணம்தான். தையல்காரம்மா ஒரு முடிவுக்கு வந்துவிட்டார்: குரல் போனால் போகட்டும், ‘குழாய்’ என்ற ஒரு சொல்லைச் சொல்லியே விடுவது. வாயைத் திறந்து, மார்பு நிமிர மூச்சை உள்ளே இழுத்தார்.

“ஆங், இதுதான்! இதேதான்!” என்று ரேடியோ துள்ளினார். “இப்ப மூச்ச இழுத்தீங்கல்ல? அதுக்கு என்ன அர்த்தம்? நீங்க பேசப் போறீங்கன்னு அர்த்தம்! மெஷினுக்கு நான் போட்ட முதல் சட்டமே இதுதான்மா: எதிராளி மூச்ச இழுத்தா நிறுத்து. எவ்ளோ பெரிய விசயம் நடுவுல இருந்தாலும் சரி, நிறுத்து. இது லேசுப்பட்ட சங்கதியில்ல. மூச்சு காத்தாடிச் சத்தத்துல கலந்துடும். இருமலுக்கு முன்னாடி இழுக்கற மூச்சு வேற, பேச்சுக்கு முன்னாடி இழுக்கற மூச்சு வேற. இன்னொரு தரம் இழுங்க பாப்போம்?”

தையல்காரம்மா இழுத்த மூச்சைப் பெருமூச்சாகவே வெளியே விட்டுவிட்டுப் படிக்கட்டை நோக்கி நடந்தார். கட்டடம் முழுவதற்கும் தண்ணீர் போகும் குழாயின் பெரிய அடைப்பான், தரைத்தளத்தில் படிக்கட்டுக்கு அடியில் இருந்தது. காவலரைக் கேட்காமல் அதைத் தொட்டால் எல்லா வீட்டாரும் சண்டைக்கு வருவார்கள். வரட்டும், அவர்கள் சண்டையாவது போடுவார்கள், ஒரு சொல்லுக்கு இடம் கிடைக்கும்.

அவர் போனதை ரேடியோ கவனித்ததாகத் தெரியவில்லை. ‘சத்தத்துக்கும் தனியா ஒரு வாக்கியம் எழுதி வச்சிருக்கேம்மா, நானே எழுதுனது, ரொம்ப மரியாதையா இருக்கும்…’ என்பது மூன்றாம் மாடிவரை கூட வந்தது. ‘பக்கத்துல ஏதாவது ஓடிட்டிருந்தா, டிவியோ மிக்ஸியோ, அதுவே கண்டுபிடிச்சு…’ என்பது இரண்டாம் மாடியில் கேட்டது. தரைத்தளத்துக்கு வெறும் ஓசைதான் வந்தது. அடைப்பானின் துருவேறிய சிவப்புச் சக்கரத்தை, துணி வெட்டிக் காய்ப்பேறிய கைகளால் தையல்காரம்மா பல்லைக் கடித்துக்கொண்டு திருகினார். அது முனகியது, அசைந்தது, மூடிக்கொண்டது. அதே வேகத்தில் அவர் மறுபடியும் மேலேறினார். வழியில் தம் வீட்டுக்குள் எட்டிப் பார்த்தார்; கூரைக் கறை மேசை விளிம்புக்கு நேர்மேலே வந்து நின்றிருந்தது. கோடுகள் பிழைத்தன.

நான்காம் மாடிப் படித்திருப்பத்தை அவர் எட்டியபோது மின்தூக்கி திறந்தது. கையில் பையோடு அதிகாரியம்மா வெளியே வந்தார்.

“வாங்க மேடம், வாங்க! உங்களுக்காகத்தான் காத்துக்கிட்டிருக்கேன். உள்ள போறதுக்கு முன்னாடி ஒரு சின்ன விசயம். அதாவது, இந்த மெஷினப் பத்தி நீங்க கேள்விப்பட்டதெல்லாம் பழைய கத. நான் என்ன சொல்ல வந்தேன்னா…”

அதிகாரியம்மா உள்ளங்கையை உயர்த்தினார். கதவுக்குள்ளேயிருந்து குரல் வந்துகொண்டிருந்தது. அன்று காலை முதன்முதலாக ரேடியோ ஓய்ந்தது.

‘ரொம்ப நன்றிங்க. குழாய மூடிட்டீங்க, இப்ப தெளிவாக் கேக்குது. நீங்க சொல்லுங்க.’

அதிகாரியம்மா கதவருகே குனிந்து ஏதோ கேட்டார். சற்று நீளமான கேள்விதான். நடுவில் ஒருமுறை நிறுத்தி, யோசித்து, வேறொன்றையும் சேர்த்துக்கொண்டார். இயந்திரம் குறுக்கிடவில்லை. கடைசிச் சொல் முடிந்து, அவர் மூச்சை வெளியே விட்ட பிறகு, ஒரே வரியில் பதில் சொன்னது. அதிகாரியம்மா நிமிர்ந்தபோது அவர் முகத்தில் புன்னகை இருந்தது.

அப்போதுதான் கதவின் அடியிலிருந்து மெல்லக் கசிந்த தண்ணீர் ரேடியோவின் செருப்பைத் தொட்டது. அவர் கீழே பார்த்தார். கதவைப் பார்த்தார். பிறகு, தோள் நனைந்து, கைகளில் துருவோடு படித்திருப்பத்தில் நின்ற தையல்காரம்மாவைப் பார்த்தார்.

“ஏம்மா… நீங்க ஏதோ சொல்ல வந்தீங்களா?”

கேட்டுவிட்டுக் காத்திருந்தார். தையல்காரம்மா கையை உயர்த்தி, காற்றில் ஒரு குழாயைத் திருகி மூடிக் காட்டினார்.

“அட, குழாயா! நல்ல ஆளும்மா நீங்க! வந்த ஒடனே இத ஒரு வார்த்த சொல்லியிருக்கக் கூடாதா? இப்படித்தான் மேடம், யாரும் வாயத் தொறந்து ஒன்னும் சொல்றதில்ல. நம்மளாவே புரிஞ்சுக்கணும்னா எப்படி? எங்க வீட்லயும் இதே கததான், நான் பாட்டுக்கு…”

கதவுக்குள்ளேயிருந்து, நீட்டாமல், மடிக்காமல், வெட்டிவிட்டாற்போல ஒரே ஒரு ‘ம்’ வந்தது.

ரேடியோ வாயை மூடிக்கொண்டு, சாவியைத் தேடிப் பைக்குள் கையை விட்டார்.