காலையில் மடங்காத கை

ஆயர் ஈத்தாம் ஊருக்குப் போகும் டிராமில் எனக்கு முன்னால் இருந்தவர், பக்கத்திலிருந்த பெரியவரிடம் சொன்னார்: "என் சம்சாரத்தோட முழங்காலுக்குள்ள இருக்கறத நானே பார்த்துட்டேன் அண்ணே."

"என்ன தம்பி சொல்ற?"

"போன மாசம் டாக்டர் கீறி, உள்சவ்வுல துளி எடுத்தாரு. இன்னைக்கு அதைப் பூதக்கண்ணாடியில என்னையும் பார்க்கச் சொன்னாரு. மெல்லிசா இருக்கவேண்டிய சவ்வாம், தடிச்சு வீங்கிக் கிடக்கு. கை விரல் மூட்டுலயும் இதே வியாதிதானாம். காலையில விறைச்சுக்கிட்டு, பொழுது ஏற ஏறத்தான் இளகுமாம்."

"அதுக்கு ஏன் தலையைக் குனியற?"

"விடிஞ்சா காப்பிக் கோப்பையைக்கூடப் பிடிக்க மாட்டா. மத்தியானம் மாவாட்டுவா. நான் வேலைக்குப் போறவரைக்கும் நடிக்கறான்னு நெனச்சேன். பாசார் கடைத்தெருவுல எல்லார்கிட்டயும் சொல்லிச் சிரிச்சேன். உங்ககிட்டயும் சொன்னேன்."

பெரியவர் வெளியே பார்த்துக்கொண்டு, "நானும் சிரிச்சேன்" என்றார். பிறகு, "உன் சம்சாரம், அந்தப் புள்ளகிட்ட என்ன சொன்ன?" என்று கேட்டார்.

"இன்னும் ஒண்ணும் சொல்லல."

டிராம் நின்றது. முன்வரிசையில் உட்கார்ந்திருந்த அந்தத் தம்பியின் மனைவி ஒரு கூடையோடு மெல்ல எழுந்தார். கணவர் வேகமாகப் போய்க் கூடையைப் பிடித்தார்.

"விடுங்க" என்றார் அந்த அம்மாள், தாழ்ந்த குரலில். "மத்தியானம் ஆயிடுச்சு. இப்பவும் நான் தூக்கலைன்னா பார்க்கறவங்க என்ன சொல்லுவாங்க?"