நெல்லுக்கு ஒதுங்கிய பயிற்சிக் கார்

என் பெயர் குந்தவை. வயது 28. தந்தை பெயர் துரைராசு. மயிலாடுதுறை வட்டம் மேலப்பண்ணூர் தெற்குத் தெருவில் குடியிருக்கிறேன். எம்.ஏ. படித்தவள். ஓட்டுநர் பயிற்சிப் பள்ளி நடத்துகிறேன்.

சென்ற ஆண்டு அரசு மானியத்துடன் தொழில் கடன் கிடைத்தது. அதில் பயிற்சிக் கார் வாங்கினேன். சொல்லிக்கொடுப்பவர் பக்கத்திலும் அதில் பிரேக் உண்டு. முதல் மாதம் யாரும் சேரவில்லை. அதன் பிறகு என் அப்பா, வயது 61, விவசாயி, எல்.எல்.ஆர். என்ற பழகுநர் உரிமம் எடுத்து வந்து பதிவேட்டில் முதல் பெயராகச் சேர்ந்தார். காருக்குள் என்னிடம் மரியாதையாகத்தான் பேசுவார். "கியரு விழ மாட்டேங்குதுங்க டீச்சர், நீங்களே கொஞ்சம் சொல்லிப் பாருங்க" என்பார். இறங்கினால் பாப்பா.

11.02.2025 காலை பத்து மணிக்கு அப்பா ஓட்டினார். நான் இடப்பக்க இருக்கையில் இருந்தேன். வாய்க்கால் கரைச் சாலையில் எங்களுக்குச் சற்று முன்னால் இடது பாதி முழுக்கச் சம்பா நெல் காய்ந்தது. மறு பாதியில் எதிரே மினி பஸ் வந்தது. நெல் தொடங்கும் இடத்துக்கு முன்பே அப்பா ஸ்டீயரிங்கை இடப்பக்கம் ஒடித்தார். கார் மதகின் கைப்பிடிச் சுவரை இடித்து வாய்க்காலுக்குள் இறங்கி நின்றது. யாருக்கும் அடியில்லை.

நெல்லுக்குச் சொந்தக்காரரான ரெத்தினம் ஓடி வந்தார். "லாரியே மேல ஏறித்தான் போவுது. ஒனக்கு மட்டும் என்ன மாமா?" என்று கத்தினார். முழங்கால் தண்ணீரில் நின்றபடி அப்பா, "நெல்லு மேலயாடா ஏத்தச் சொல்ற?" என்று கேட்டார். ரெத்தினம் போய் டிராக்டர் கொண்டு வந்தார்.

அதன் பிறகு நான் மெக்கானிக்கைத் தேடிப் போனேன். அந்த நேரத்தில் அப்பா தனியாக இந்தக் காவல் நிலையத்துக்கு வந்து, மகளுக்குத் தெரியாமல் சாவியை எடுத்து, தான் மட்டும் ஓட்டியதாக வாக்குமூலம் தந்திருக்கிறார். என் பயிற்றுநர் உரிமம் போய்விடும் என்று பயந்திருக்கிறார். அன்று மாலை, "ஒனக்கும் இதுக்கும் சம்பந்தமில்லன்னு எழுதிக் குடுத்துட்டேன் பாப்பா" என்றார். வழக்கத்தைவிட இரண்டு தோசை அதிகம் சாப்பிட்டார்.

எல்.எல்.ஆர். வைத்திருப்பவர் தனியாக ஓட்டினால் அவர் மேல் வழக்கு வரும், இன்சூரன்ஸும் கிடைக்காது, கார் இல்லையென்றால் பள்ளியே இல்லை என்பது அவருக்குத் தெரியாது. நானும் அன்று சொல்லவில்லை. சாப்பிட்டு முடிக்கட்டும் என்று இருந்துவிட்டேன்.

இன்று நான் இங்கே வந்து இதைச் சொன்னதும் சார்பு ஆய்வாளர், "பிரேக்கு ஒங்க காலடியிலயும் இருந்துச்சுல்லம்மா, ஏன் மிதிக்கல?" என்று கேட்டார்.

என் கால் பிரேக்கின் மேல்தான் இருந்தது. மிதித்திருந்தால் கார் நெல்லை அரைத்துக்கொண்டு போய் நடுவில் நின்றிருக்கும். காலை எடுத்துவிட்டேன். கவனக்குறைவு இல்லை. அப்பா திருப்பியது அந்த நொடியில் எனக்குச் சரியாகப் பட்டது.

இப்படிச் சொன்னால் என் உரிமத்தின் மேல் விசாரணை வரலாம் என்று எச்சரித்தார்கள். தெரிந்தே சொல்கிறேன்.

எழுதியதைப் படித்துக் காட்டக் கேட்டேன். நான் சொன்னபடியே இருக்கிறது, நடந்ததும் இதுதான். என் அப்பாவின் வாக்குமூலத்தில் "மகளுக்குத் தெரியாமல்" என்றிருப்பதை அடித்துவிட்டு, "மகள் பக்கத்தில் இருக்க" என்று எழுதிக்கொள்ளும்படி கேட்டுக்கொள்கிறேன்.

(ஒப்பம்)
து. குந்தவை
பயிற்றுநர்