சூடானால் பிடிக்கும்

வீட்டுக்கும் ஆபீசுக்கும் ஓடுகிற காருக்கு, கம்பெனி போட்டுக் கொடுத்த பிரேக்கே தாராளம். சக்கரத்தைப் பிடித்து நிறுத்துகிற பேட் தேய்ந்தால் அதே ரகத்தில் இன்னொரு ஜோடி மாற்றிக்கொண்டால் போதும். என் கடைக்கு வருகிற எல்லோரிடமும் இதைத்தான் சொல்கிறேன், ஐயா. நாளைக்கு நீங்கள் வந்தாலும் இதையே சொல்வேன். பிரேக் வேலையிலேயே தலை நரைத்தவன் நான். பொய் சொல்லி விற்கிற பழக்கம் கிடையாது.

என் தங்கை வீட்டுக்காரருக்குத்தான் அந்தத் தாராளம் போதவில்லை. பெரிய கம்பெனியில் மேனேஜர். அதனால் உலகத்தில் அவருக்குத் தெரியாத விஷயமே இல்லை. யார் என்ன பேச ஆரம்பித்தாலும் பாதியிலேயே "தெரியும் மச்சான்" என்று வெட்டிவிடுவார். என் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து, என் தொழிலை எனக்கே விளக்குவார். என் மனைவி வாயைப் பிளந்துகொண்டு கேட்பாள். "மாப்பிள்ளைக்கு எவ்வளவு விஷயம் தெரியுது பாருங்க" என்று என்னிடமே சொல்வாள். எனக்கு வயிறு எரியும். மறைப்பானேன், நன்றாகவே எரியும்.

ஒரே கட்டடத்தில்தான் குடியிருந்தோம். கீழே அவர்கள், மேலே நாங்கள். வீடு மேட்டின் உச்சியில் இருக்கிறது. வாசலை விட்டால் ஒரே இறக்கம், முடிகிற இடத்தில் லாரிகள் பறக்கும் பெரிய சாலை. மாப்பிள்ளை அந்த இறக்கத்தில் பிய்த்துக்கொண்டு போய், கடைசி நொடியில் மிதித்து நிறுத்துவார். அதற்கு அவர் வைத்த பெயர் கன்ட்ரோல். தங்கை பயந்துபோய்க் காலையில் அவர் காரில் ஏறவே மாட்டாள். டீச்சர் அவள்; பள்ளிக்கூட வேனில் போய்விடுவாள். இதை முதலிலேயே யோசித்துப் பார்த்துத்தான் நான் நிம்மதியானேன்.

ஒருநாள் கடைக்கு வந்தார்.

"மச்சான், ரேஸ் காருக்குப் போடுற பேட் வேணும். இருக்கிறதுலயே பெஸ்ட்."

"தினம் ஓட்டுற வண்டிக்கு அது ஒத்துவராது மாப்பிள்ளை. கிறீச்சுன்னு கத்தும். டிஸ்கைத் தின்னுடும்."

"தெரியும் மச்சான். வீடியோவெல்லாம் பாத்தாச்சு."

"அது சூடானாத்தான்..."

"தெரியும் மச்சான். பேசாம போடுங்க."

ரேஸ் பேடுக்கு ஒரு குணம் உண்டு, ஐயா. சூடாக இருக்கும்போது உடும்புப் பிடி பிடிக்கும். ராத்திரி முழுக்க வெளியில் நின்று குளிர்ந்துபோன வண்டியில், முதல் மிதிக்கு அவ்வளவாகப் பிடிக்காது. பந்தயம் ஓட்டுகிறவன் கிளம்பும் முன்பே சூடேற்றிக்கொள்வான். நான் சொல்ல வந்தது இவ்வளவுதான். பேசாமல் போடச் சொன்னார், பேசாமல் போட்டேன். கேட்கப் பிரியமில்லாத பெரிய மனுஷரிடம் வலியப் போய்ப் பேசுவது என்ன மரியாதை?

வேலையில் ஒரு குறை வைக்கவில்லை. உங்கள் ஸ்டேஷன் ஆட்களே கழற்றிப் பார்த்திருப்பார்கள். சாயங்காலம் நானே ஊரைச் சுற்றி ஓட்டி, மிதித்து மிதித்துப் பேடை நன்றாகச் சூடேற்றி, அந்தச் சூடு ஆறுவதற்குள் வண்டியை அவர் கையில் கொடுத்தேன். ஒரு சுற்றுப் போய்வந்தவர் முகமெல்லாம் சிரிப்பு.

"பாத்தீங்களா மச்சான், சும்மா கப்புன்னு நிக்குது. நீங்க என்னமோ பயமுறுத்துனீங்களே."

அன்றைக்குத்தான் அவர்மேல் எனக்குப் பாசமே வந்தது.

மறுநாள் காலையில் நல்ல பனி. காபியோடு பால்கனியில் நின்றேன். விடிந்ததும் விடியாததுமாக அங்கே உனக்கு என்ன வேலை என்று நீங்கள் இதுவரை கேட்கவில்லை. தங்கமான மனுஷர் நீங்கள். மாப்பிள்ளை சாவியைச் சுழற்றிக்கொண்டு வந்தார். பின்னாலேயே தங்கையும் வந்தாள். வேன் பழுதாகிவிட்டதாம்.

"இன்னைக்கு இவர்கூடத்தான் போறேண்ணா" என்று அண்ணாந்து சொன்னாள். "நீதான் பிரேக் மாத்திக் குடுத்துட்டியே, இனிமே என்ன பயம்?"

கதவைச் சாத்தும் முன் கையசைத்தாள். நானும் அசைத்தேன்.

மாப்பிள்ளை பிழைத்துக்கொண்டார். லாரி மோதியது அவள் பக்கத்தில். தோளில் கட்டோடு ஆஸ்பத்திரியில் சாய்ந்துகொண்டு, எலும்பு எப்படிக் கூடும் என்று டாக்டருக்கு விளக்கிக்கொண்டிருக்கிறார். எனக்குத்தான் ஒரு வாய் சோறு இறங்கவில்லை.

தங்கை என்றால் எனக்கு உயிர், ஐயா. யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள். மேலே இருந்து ஒரு குரல் கொடுத்திருக்கலாமே என்கிறீர்கள். கொடுத்திருந்தால் உடனே இறங்கியிருப்பாள்; என் பேச்சைத் தட்டவே மாட்டாள். ஆனால், என்ன ஏது என்று கேட்டுக்கொண்டு, கூடவே அவரும் அல்லவா இறங்கியிருப்பார்.