ஆறிப்போன தூண்

வெள்ளிக்கிழமை. காலை பத்து இருபது. வாசலை நோக்கி ஓடுகிறேன். தலைக்கு மேல் சத்தம். காய்ந்த விறகை முழங்காலில் வைத்து முறிப்பது போல. ஒரு முறிவு. உடனே இன்னும் இரண்டு.

"மாப்ள! அச்சைப் போட்டுட்டு ஓடியா! பாய், வெளிய வாங்க!"

கத்துவது நான். என் மனைவியின் தம்பி பாண்டி திரும்பிப் பார்க்கிறான். வாளி வார்க்கும் இரும்பு அச்சின் ஒரு முனை அவன் கையில். மறுமுனை ஃபிட்டர் இப்ராஹிம் பாய் கையில். விளக்குப் பிடித்து நிற்பது பேக்கிங் செல்வி. போட்டுவிட்டு ஓடவில்லை. அச்சின் விளிம்பு உடைந்துவிடும் என்று குனிந்து மெல்ல வைக்கிறார்கள். பாவிகள், அந்த நேரத்திலும் அவ்வளவு பதவிசு. மேல்தளம் இடிந்து இறங்கியது.

இடம் கப்பலூர். பிளாஸ்டிக் வாளி செய்யும் சின்னக் கம்பெனி. ஆறு தூண், மேலே ஒரு கான்கிரீட் தளம். கட்டியது நான். கொத்தனார் வேலையில் இருபத்தைந்து வருடம். பாண்டியை அங்கே சேர்த்துவிட்டதும் நான்தான்.

அதே வாரம் செவ்வாய்க்கிழமை பதினொன்றே முக்காலுக்குக் கம்பெனியில் தீப்பிடித்தது. நான் பின்னால் சுற்றுச்சுவர் கட்டிக்கொண்டிருந்தேன். நான்கு மணி நேரம் எரிந்தது. உள்ளே கான்கிரீட் பொரிந்தது. சோளம் பொரிகிற சத்தம். எல்லோரும் ரோட்டுக்கு ஓடினோம். நான் கம்பெனி ஆட்களைத் தலை எண்ணினேன். இரண்டு தடவை எண்ணினேன்.

"பதினாலு! அம்புட்டுப் பேரும் இருக்காங்க!"

செல்வி அழுதுகொண்டே சிரித்தது. புகைக்குள் என் ஆறு தூணும் நின்றன. எனக்குத் தலைகால் புரியாத பெருமை. நான் போட்டதாக்கும் என்று ரோட்டில் போனவனிடம்கூடச் சொன்னேன்.

அச்சுகள் உள்ளே மாட்டிக்கொண்டன. அவை இல்லாமல் கம்பெனி ஓடாது. பதினான்கு பேருக்கும் வேலை போய்விடும். பாண்டி அன்று மாலையே உள்ளே போகத் துடித்தான்.

"ஆறட்டும் மாப்ள. நான் சொல்றப்ப போ."

"சரி மச்சான். நீங்க சொன்னாச் சரி."

சீக்கிரம் ஆறட்டும் என்று தண்ணீர் விட்டேன். புதன், வியாழன் இரண்டு நாளும் ஓஸ் பைப் என் கையில். புதுத் தளத்துக்குத் தண்ணீர் விட்டால் இறுகும். கொத்தனாருக்கு முதல் பாடம் அதுதான். வெந்துபோன தளத்துக்கும் அதையே செய்தேன். கரி கழுவிய இடத்தில் கான்கிரீட் கொய்யாப்பழத்தின் உள்பக்கம் போல வெளிர் சிவப்பாகத் தெரிந்தது. செங்கல் தூசி என்று நினைத்தேன்.

இன்ஜினியர் சனிக்கிழமை வருவதாக இருந்தது. அச்சு துருப்பிடிக்கிறது என்று பாய் புலம்பினார். வெள்ளிக்கிழமை காலை தூணில் உள்ளங்கையை வைத்தேன். சில்லென்று இருந்தது. பையில் சுத்தியல் இருந்தது. ஒரு தட்டு தட்டியிருந்தால் மந்தமான சத்தமே உள்ளே பலம் போனதைக் காட்டிக்கொடுத்திருக்கும். தட்டவில்லை.

"ஆறிருச்சு. வாங்க."

நான் முன்னால் போனேன். மூன்று பேர் என் பின்னால் வந்தார்கள்.

சனிக்கிழமை இன்ஜினியர் வந்தார். இடிபாட்டில் ஒரு துண்டை எடுத்தார். விரலாலேயே உதிர்த்தார்.

"ஆறினா பலம் திரும்பி வராதுண்ணே. முந்நூறு டிகிரி தாண்டுனாத்தான் இந்தச் சிவப்பு வரும். ஆறுறப்ப இன்னும் பலம் குறையும். வெந்த கான்கிரீட்ல ஈரம் எறங்குனா உள்ள இருக்குற சுண்ணாம்பு உப்பும், வெடிப்பு பெருசாகும். யாரு தண்ணி விட்டது?"

நான்தான் என்றேன். அவர் துண்டைக் கீழே வைத்துவிட்டார்.

இப்போது கொத்தனார் வேலைக்குப் போவதில்லை. என் மனைவி என்னிடம் தம்பியைப் பற்றிப் பேசுவதில்லை. இதை எழுதினால் பாரம் குறையும் என்றார்கள். குறையவில்லை. வெந்த கட்டடம் நின்றுகொண்டிருந்தால் நம்பாதீர்கள். அவ்வளவுதான் என்னால் சொல்ல முடிந்தது.

அழிந்தவை: ஆறு தூண், ஒரு தளம், எல்லா அச்சும். இறந்தவர்கள்: பாண்டி. இப்ராஹிம் பாய். செல்வி. வெள்ளிக்கிழமை ரோட்டில் நின்று மறுபடியும் தலை எண்ணினேன். பதினொன்று. தப்பாக எண்ணிவிட்டேன் என்று முதலிலிருந்து எண்ணினேன். பதினொன்று.