கீழே லைட் எரியுதா?

— அடிபட்ட காலை முதல்ல கீழே வைக்கணும். நல்ல காலு பின்னால வரணும். பிசியோ பொண்ணு நேத்து சொன்னதை அதுக்குள்ள மறந்துட்டியா, கண்டக்டரம்மா?

— மறக்கலைங்க. காலுதான் வர மாட்டேங்குது. மூணு மாசம் கழிச்சு இந்த மாடிப்படியைப் பார்த்தாலே பயமா இருக்கு.

— ஓடுற பஸ்ஸுல கம்பியைப் பிடிக்காம இருபத்தாறு வருஷம் டிக்கெட் கிழிச்சவ நீ. அசையாம கிடக்குற படிக்கா பயப்படுற?

— அதுதாங்க வினை. எதையும் பிடிச்சுப் பழக்கமே இல்லை. அன்னைக்கும் ஒரு கையில பை, ஒரு கையில போனு. கைப்பிடி பக்கத்துலயே இருந்தும் தொடலை.

— இப்போ தொட்டுக்கோ. ஊன்றுகோல் இன்னொரு கையில. நான் ஒரு படி கீழே நிக்கிறேன், விழுந்தா என் மேலதான் விழுவ. வா. ஒண்ணு.

— வச்சுட்டேன்.

— ரெண்டு. அவசரமே இல்லை. மூணு.

— என்னங்க இது, ஏலம் விடுற மாதிரி எண்ணுறீங்க?

— மொத்தம் பதினாலு. எண்ணிக்கிட்டே வந்தா பயம் தெரியாது. நாலு.

— ஞாயித்துக்கிழமை மக வர்றா. அவ கண்ணு முன்னால நான் இறங்கி ஏறலைன்னா என்னை அவகூடக் கூட்டிட்டுப் போயிடுவா. நீங்க மகன் வீட்டுக்கு. முப்பத்தெட்டு வருஷம் ஒண்ணா இருந்துட்டு, இப்போ ஆளுக்கொரு ஊரு.

— அதுக்குத்தானே இந்தப் பாடு. அஞ்சு. ஆறு. ஏழு. திருப்பம் வந்தாச்சு. மூச்சு வாங்கிக்கோ.

— இங்கேதான் விழுந்தேன்.

— தெரியும்.

— ஒண்ணு கேட்டா கோவிச்சுக்காதீங்க. மூணு மாசமா நெஞ்சுல முள்ளாக் கிடக்கு. அன்னைக்கு சாயங்காலம் மேலே நின்னு, 'கீழே லைட் எரியுதா'ன்னு கத்திக் கேட்டேன். நீங்க கீழே நின்னு 'எரியுது, வா'ன்னீங்க. வந்த வேகத்துல திரும்பிக் காலை வச்சேன், கும்மிருட்டு. பல்பு போயிருந்துச்சு.

— தப்பு என்னுதுதான்.

— யாரு தப்புன்னு கேட்கலை. ஏன் அப்படிச் சொன்னீங்கன்னு கேட்கிறேன். நான் ரெண்டு விசில் கொடுத்தா நீங்க திரும்பிக்கூடப் பார்க்காம வண்டியை எடுப்பீங்க. ஒரு நாளாவது நான் பொய் விசில் கொடுத்திருக்கேனா?

— இல்லை. ஒரு நாளும் இல்லை. அப்புறம் பேசலாம், வா. எட்டு.

— சரி. மகன் நல்ல வேலைதான் பண்ணியிருக்கான். படி ஓரமெல்லாம் பளிச்சுன்னு டேப்பு ஒட்டியிருக்கானே.

— ஆமாமா, பளிச்சுன்னு இருக்கு. ஒன்பது.

— என்ன கலருங்க அது?

— என்ன கலரா? டேப்பு கலரு. பத்து. பேச்சுல கவனத்தை விடாதே.

— டிரைவரே, நில்லுங்க.

— இன்னும் நாலே நாலுதான்.

— நில்லுங்கன்னா நில்லுங்க. எதுக்கு அந்தக் கையால செவுத்தைத் தடவிக்கிட்டே வர்றீங்க?

— சும்மாதான்.

— இந்தப் படியில டேப்பு இல்லைங்க. எந்தப் படியிலயும் இல்லை.

— இருக்குன்னு நீதானே சொன்னே?

— சோதிச்சுப் பார்க்கத்தான் சொன்னேன். கண்ணு எவ்வளவு நாளா இப்படி?

— ரெண்டு வருஷம் இருக்கும். உன் முகம் நல்லாத் தெரியுது. காலுக்குக் கீழேதான் புகையா இருக்கு. இருட்டினா எல்லாமே புகை.

— அப்போ அன்னைக்கு?

— லைட் எரிஞ்சுதா இல்லையான்னே எனக்குத் தெரியலை. தெரியலைன்னு சொன்னா நீ கண்டுபிடிச்சுடுவ. அதான் எரியுதுன்னுட்டேன்.

— பாவி மனுஷா! இதை என்கிட்டயா மறைப்பீங்க?

— கண்ணு போகுதுன்னு தெரிஞ்சா அப்பவே பிள்ளைங்க நம்மைப் பிரிச்சிருப்பாங்க. அந்தப் பயம்தான். அந்தப் பயத்துல உன் இடுப்பை உடைச்சுட்டேன். நீ வலியில முனகின ஒவ்வொரு நாளும் சொல்லிடணும்னுதான் நினைச்சேன். வாய் வரலை.

— அப்போ இவ்வளவு நேரம் எண்ணினது என் பயத்துக்கு இல்லை.

— இல்லை. எனக்காகத்தான். திட்டிடு, வாங்கிக்கிறேன்.

— திட்டுறேன். முதல்ல கண் டாக்டரைப் பார்த்துட்டு வருவோம், இன்னைக்கே. வீட்டுக்கு வந்து வட்டியோட திட்டுறேன். செவுத்தை விட்டுட்டு இந்தக் கைப்பிடியைப் பிடிங்க. ரெண்டு கையாலயும். நான் முன்னால இறங்குறேன்.

— உன் காலு?

— இவ்வளவு நேரம் நீங்க பிடிச்சுக்குவீங்கன்னு வர மாட்டேன்னுச்சு. இப்போ வரும். நீங்க மட்டும் ரெண்டு விசில் கேட்கிற வரைக்கும் காலை எடுக்காதீங்க, டிரைவரே.