நாற்பத்தொரு திருத்தங்கள்

நுழைவுத் தேர்வுக்குப் புத்தகம் வாங்குகிறவர்கள் அட்டையைப் பார்க்கிறார்கள். நான் கடைசிப் பக்கங்களைத்தான் பார்ப்பேன். விடைகள் அங்கேதான் இருக்கும். எடுத்த பத்துக் கேள்விக்கும் விடை சரியாக இருந்தால் அந்தப் புத்தகத்தை நம்பலாம். உங்கள் பிள்ளையும் மருத்துவம் படிக்க ஆசைப்பட்டால் அப்படியே செய்யுங்கள், டாக்டரம்மா.

நான் அச்சகத்தில் பிழை திருத்துகிறவன். இருபத்திரண்டு வருடமாக இயற்பியல், வேதியியல், உயிரியல் வழிகாட்டிகள் என் கண்ணைத் தாண்டித்தான் வெளியே போகின்றன. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்கிற வேலை. முதலாளி எனக்குப் பூதக்கண்ணாடி என்று பெயர் வைத்திருக்கிறார். "பூதக்கண்ணாடி பாத்தாச்சில்ல? அப்ப கண்ண மூடிக்கிட்டு அடிங்கப்பா" என்பார்.

இந்தப் பயம் என் மகளுக்கு எப்போது ஆரம்பித்தது என்று கேட்டீர்கள். எனக்கு ஆரம்பித்ததை முதலில் சொல்லிவிடுகிறேன். என் மனைவி நர்ஸ். ஒரு நோயாளியிடமிருந்து தொற்று வந்து, அவள் வேலை பார்த்த வார்டிலேயே பதினோரு நாள் கிடந்து செத்தாள். என்னை உள்ளே விடவில்லை. கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்தேன். மகளுக்கு அப்போது எட்டு வயது. அவளைத் தூக்கிக் காட்டினேன். அவள் கையை ஆட்டினாள்.

பள்ளிப் படிப்பு முடிந்த அன்று அவள் சொன்னாள். "அம்மா வேலை பாத்த வார்டுல ஒருநாள் நானும் நிப்பேன்பா. டாக்டரா."

வேண்டாம் என்று சொன்னால் கேட்கிற பெண் இல்லை அவள். அவள் அம்மா மாதிரி, பிடித்த முயலுக்கு மூன்று கால். அதனால் நான் வேண்டாம் என்று சொல்லவே இல்லை. "புத்தகத்தை நான் பாத்துக்கறேன், நீ படி" என்றேன். அக்கம்பக்கத்தில் எல்லாரும் கொடுத்து வைத்தவள் என்றார்கள்.

எங்கள் தொழிலில் புத்தகம் பதினாறு பதினாறு பக்கமாக அச்சாகும். ஒரு பதினாறுக்குப் பாரம் என்று பெயர். பாரங்களை அடுக்கித் தைத்தால் புத்தகம். முதலாளி நல்ல மனிதர், தைக்காத பாரங்களை மகளுக்காக வீட்டுக்கு எடுத்துப்போக விட்டார். சாப்பாட்டு நேரத்தில், சோதனைப் பிரதி எடுக்கிற சின்ன மெஷின் சும்மா கிடக்கும். அதில் சில பாரங்களை மட்டும் திருத்தி, ஒரே ஒரு பிரதி எடுத்துக்கொண்டேன். வீட்டில் நானே தைத்து அட்டை ஒட்டினேன்.

மூன்று புத்தகத்திலும் சேர்த்து நாற்பத்தொரு இடம். எங்கே கைவைத்தால் தெரியாது என்பது பிழை திருத்துகிறவனுக்குத்தான் தெரியும். ஒரு சூத்திரத்தில் கூட்டல் கழித்தலாகும். விடைப் பட்டியலில் மூன்றாவது விடை நான்காவதாகும். அவ்வளவுதான். ஒரு பிள்ளையின் மேல் கைநீட்டுவதைவிட இது எவ்வளவோ மேல்.

மற்றதெல்லாம் எல்லா அப்பாக்களும் செய்வதுதான். கைப்பேசியை வாங்கி வைத்துக்கொண்டேன். பழைய பள்ளிப் புத்தகங்களைப் பேப்பர்காரருக்குப் போட்டேன். பயிற்சி வகுப்பு குழப்பும் என்றேன். அவளே சொல்லிவிட்டாள், "நீங்க பாத்த புக்கு போதும்பா" என்று. புத்தகத்தில் கோடு போடவோ கிறுக்கவோ கூடாது என்பது சின்ன வயதிலிருந்தே எங்கள் வீட்டு வழக்கம்.

முதல் வருடம் ஒன்பது மதிப்பெண்ணில் போயிற்று. அழுதாள். நானும் அழுதேன், பொய்யாக இல்லை. இரண்டாம் வருடம் இன்னும் நன்றாகப் படித்தாள், இன்னும் அதிகமாகக் குறைந்தது. நன்றாகப் படித்தால் அப்படித்தானே ஆகும். அதோடு விட்டுவிடுவாள் என்று நினைத்தேன். மூன்றாவது முறையும் எழுதுகிறேன் என்றாள்.

என் பேராசையால் ஒரு தப்பு நடந்தது. இதயத்தில் வலப்பக்க வால்வுக்கு மூன்று இதழ், இடப்பக்க வால்வுக்கு இரண்டு. என் பாரத்தில் அவற்றை இடம் மாற்றியிருந்தேன். பள்ளியிலேயே சொல்லிக்கொடுத்த விஷயம், அதைத் தொட்டிருக்கக் கூடாது. ஒருநாள் அவள் எனக்குத் தெரியாமல் நூலகத்துக்குப் போய்விட்டாள். அங்கே எங்கள் அச்சகத்தின் அதே புத்தகம். அதே பதிப்பு, அதே பக்கம், அதே படம்.

வீட்டுக்கு வந்தபோது அவள் உதடு வெளுத்திருந்தது. "அப்பா, மூணு இதழ் வால்வு நூலகத்து புக்குல வலதுன்னு இருக்கு. நம்ம புக்குல இடதுன்னு இருக்கு. அது எப்படிப்பா? ஒரே புக்குதானே?"

அவள் புத்தகத்தைச் சந்தேகப்படவில்லை, என்னையும் சந்தேகப்படவில்லை. தன் கண்ணைச் சந்தேகப்பட்டாள். அந்த நிமிடம் நான் உண்மையைச் சொல்லியிருக்கலாம். "வெயில்ல வந்திருக்க, போய்த் தலைக்குத் தண்ணி ஊத்திக்கிட்டு வா" என்றேன்.

எதற்கும் இருக்கட்டும் என்று திருத்தாத பிரதி ஒன்றையும் தைத்து அலமாரியில் வைத்திருந்தேன். குளியலறையில் தண்ணீர் விழும் சத்தம் கேட்கிற வரைக்கும் நேரம் இருந்தது. அவள் புத்தகத்தின் மேலுறையைக் கழற்றித் திருத்தாத பிரதிக்குப் போட்டு மேசையில் வைத்தேன். அவள் ஈரத் தலையோடு வந்தாள். "எங்க, காட்டு" என்றேன்.

காட்டினாள். வலது என்றே இருந்தது. அவள் அந்த வரியை விரல் வைத்து மூன்று முறை படித்தாள். பிறகு புத்தகத்தை மேசைமேல் வைத்துவிட்டு, விரலைத் துணியில் துடைத்துக்கொண்டாள்.

"ஐயோ, எனக்கு என்னமோ ஆகுதுப்பா. எனக்குப் பயமா இருக்கு."

"அப்பா இருக்கேன்ல" என்றேன்.

மறுநாள் நான் மாற்றிய புத்தகத்தையே மறுபடி வைத்தேன். தேர்வுக்கு இன்னும் ஏழு வாரம் இருந்தது. அப்படி நான்கு முறை மாற்றினேன். நான்காம் முறைக்குப் பிறகு மாற்ற வேண்டிய அவசியமே இருக்கவில்லை. பேருந்தின் எண்ணை என்னிடம் கேட்டாள். கடிகாரத்தைக் காட்டி மணி கேட்டாள். தேர்வு நாளன்று வாசலில் அனுமதிச் சீட்டைப் பிரித்து, "இது என் பேருதானாப்பா?" என்றாள். நான் பதில் சொல்வதற்குள் அங்கேயே உட்கார்ந்துவிட்டாள்.

அங்கிருந்துதான் உங்கள் மனநல வார்டுக்குக் கூட்டிவந்தேன். எந்த ஆஸ்பத்திரிக்கு அவள் வரக் கூடாது என்று பயந்தேனோ அங்கே நானே கொண்டுவந்து சேர்த்தேன். வேலியே பயிரை மேய்ந்தது என்று நீங்கள் நினைப்பீர்கள். பரவாயில்லை.

குடும்பத்தில் வேறு யாருக்காவது இந்த நோய் உண்டா என்று உங்கள் படிவத்தில் ஒரு கேள்வி இருக்கிறது. எங்கள் குடும்பத்தில் யாருக்கும் இல்லை. அவளுக்கும் இல்லை.

நீங்கள் கேட்டதற்கு மேலேயும் இதையெல்லாம் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. இன்று காலை மனது கேட்கவில்லை. இரண்டு புத்தகத்தையும் பையில் எடுத்துவந்து, அதே பக்கத்தைப் பிரித்து, அவள் படுக்கையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். "பாரும்மா, இது சரி, இது அப்பா மாத்தினது. உனக்கு ஒண்ணும் இல்ல" என்றேன். நாற்பத்தொன்றையும் ஒவ்வொன்றாகச் சொன்னேன்.

அவள் இரண்டையும் நெடுநேரம் பார்த்தாள். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு, "ரெண்டும் ஒண்ணாத்தான்பா தெரியுது. எனக்கு ஆறுதலா இருக்கட்டும்னு சொல்றீங்க" என்றாள். "இனிமே நீங்களே படிச்சுச் சொல்லிடுங்கப்பா. நான் படிக்கல."

அவள் எப்போது வீட்டுக்கு வரலாம் என்று சொல்லுங்கள், டாக்டரம்மா. அறையைத் துடைத்து வைத்திருக்கிறேன். பன்னிரண்டு வருடத்துக்குப் பிறகு இன்றுதான் எனக்குப் பயம் இல்லாமல் இருக்கிறது.